வாக்குரிமை பெல்லோஷிப் தேர்வுக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக்குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். வாக்குரிமை வழக்குகளில் வேலை பார்க்க நீங்கள் தரும் ஓராண்டு பெல்லோஷிப்புக்கு நானும் விண்ணப்பிக்கிறேன். ஆனால் அந்த ஓராண்டு போதவே போதாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அலபாமா மாநில நாடாளுமன்றத் தொகுதி வரைபட வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கால் பங்குக்கு மேல் கறுப்பின மக்கள் வாழும் மாநிலம். 2021 வரைபடப்படி ஏழு தொகுதிகளில் ஒன்றில்தான் அவர்கள் பெரும்பான்மை. அதை எதிர்த்துக் கறுப்பின வாக்காளர்கள் 2021 நவம்பரில் வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஜனவரியில் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. எந்த வரைபடத்தை எதிர்த்தார்களோ அதை வைத்தே அந்த ஆண்டுத் தேர்தலும் நடந்து முடிந்தது. 2023 ஜூனில்தான் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று வெற்றி. புதிய வரைபடத்தில் மக்கள் வாக்களித்தது 2024இல். 2021 செப்டம்பரில் ஓராண்டுக்குச் சேர்ந்த ஒருவர், உச்ச நீதிமன்றத்தில் வாதம் தொடங்கும் முன்பே பெட்டி கட்டியிருப்பார்.

முன்பு இப்படி இல்லை. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டப்படி, பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஷெல்பி கவுன்ட்டி தீர்ப்பு அதை முடக்கியது. தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டம் அமலுக்கு வருவதாக டெக்சாஸ் அன்றைக்கே அறிவித்தது. அது தொடர்பான வழக்கு 2018 வரை இழுத்தது. இப்போது விதி வந்த பிறகு வாக்காளர்தான் கோர்ட் படி ஏற வேண்டும். அதனால்தான் இவ்வளவு காலம்.

சட்ட உதவி மையத்தில் ஒரு பாட்டியிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குக் கை நடுங்கும். கையெழுத்து பொருந்தவில்லை என்று அவருடைய தபால் வாக்கைத் தள்ளிவிட்டார்கள். ஒரு தாளில் நாலைந்து முறை கையெழுத்துப் போட்டுக் காட்டினார். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. "விசாரணைக்குக் கூப்பிடும்போது நீ இருப்பாயா?" என்று கேட்டார். என்னால் ஆமாம் சொல்ல முடியவில்லை. அந்த நம்பிக்கையைக் கோப்போடு சேர்த்து அடுத்தவரிடம் ஒப்படைக்க முடியாது.

வேலையைக் கற்கவே பல மாதம் ஆகும். கற்று முடிக்குமுன் அடுத்த வேலை தேட வேண்டும். கல்விக் கடன் உள்ளவர்கள் நிலை இன்னும் மோசம்: பொதுச்சேவைக் கடன் தள்ளுபடிக்கு, பொதுச்சேவை வேலையில் இருந்துகொண்டே 120 மாதத் தவணை கட்ட வேண்டும். ஓராண்டு வேலைக்கு அவர்கள் எந்தத் துணிவில் வருவார்கள்?

குறைந்தது இரண்டு ஆண்டுகள் தாருங்கள். கையில் உள்ள வழக்கு விசாரணைக்கு வரும் நிலையில் இருந்தால், அது முடியும்வரை நீட்டியுங்கள். பணம் போதாதென்றால் நான்கு பேருக்குப் பதில் இரண்டு பேரை எடுங்கள். அந்த இருவரில் நான் இல்லாமல் போனாலும் சரி, இந்த ஆண்டு அறிவிப்பிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்களில் ஒருத்தி