சைக்கிள் ஆபத்தா? கணக்கு எங்கே?

ஆசிரியருக்கு,

சாலை விபத்துச் செய்தியில் இறந்த சைக்கிள்காரர்களின் எண்ணிக்கையை மட்டும் போடுகிறீர்கள். அதைக் காட்டித்தான் "அத்தை, இனிமே சைக்கிளைத் தொடாதீங்க" என்கிறாள் என் மருமகள். 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை அறிவொளி (எழுத்தறிவு) இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்களில் நானும் ஒருத்தி. அவ்வளவு லேசில் விடுவேனா?

2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய அரசின் அறிக்கை சைக்கிள்காரர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது, சரி. அவர்கள் எல்லோரும் சேர்ந்து மிதித்த தூரம் எவ்வளவு? சைக்கிளை விட்டுப் பாதிப் பேர் மொபெட்டுக்கு மாறினால் சைக்கிள் சாவும் குறையும். அதனால் சாலை நல்லதாகிவிட்டதா? பிரிட்டனில் பயண தூரத்தால் வகுத்து, நூறு கோடி மைலுக்கு இத்தனை சாவு என்று வெளியிடுகிறார்கள். இங்கே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்கு எதில் போகிறார்கள் என்று பார்த்தது. விவசாயக் கூலிகள் அந்த அட்டவணையில் இல்லை. அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இல்லை. (பள்ளத்தில் தானாக விழுந்து முட்டி பெயர்ந்தால் யார் போய் போலீசில் எழுதிவைக்கிறார்கள்?)

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு பிளஸ் 1 வகுப்புகளில் ஒரு வாரம் கேட்டு எழுதட்டும்: எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர், எந்த நேரம். பிறகு மருமகளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
புதுக்கோட்டை மாவட்டம்