அந்த மணல்மேட்டில் நாம் போட்ட இரண்டாவது தடம்

நம் பாலைவனப் பயணக் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும், சிங்கப்பூரிலிருந்து இனிமேல் ஆஸ்திரேலியாவுக்கு மணலில் வண்டி ஓட்டப் போக நினைக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களுக்கும்,

வணக்கம். அடுத்த ஜூலைப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். போன முறை நான்கு வண்டிகள், இந்த முறை ஒன்பது என்கிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் பெயரைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட நினைக்கிறேன். போய் வந்ததிலிருந்து மனசில் கிடந்து உறுத்துகிறது.

சிம்சன் பாலைவனத்தில் நமக்கு இரண்டாம் நாள். பிரெஞ்ச் லைன் என்னும் வண்டித்தடத்தில் போய்க்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த ஒரு மேட்டில், முன்னால் போன வண்டி மூன்று தடவை முயன்றும் ஏற முடியாமல் பின்வாங்கியது. ஏறுகிற தடம் முழுக்கக் குழி. "இடது பக்கமா சுத்திப் போயிடலாம்" என்று ரேடியோவில் குரல் வந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான்கு வண்டிகளும் சுற்றிப் போயின. கடைசி வண்டி என்னுடையது.

உச்சியில் நிறுத்தி, எதிரே வருகிறவர்களுக்குத் தெரிய வண்டியில் கட்டியிருக்கும் கொடிக்கம்பம் ஆடுகிறதே என்று முடுக்கிவிட இறங்கினேன். அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மேட்டின் உச்சியில் கொத்துக் கொத்தாக நாணல் போல வளர்ந்திருக்குமே, கேன் கிராஸ் என்பார்கள், அதில் ஒரு பெரிய கொத்தின் நடுவே நம் சக்கரங்கள் ஏறி இறங்கியிருந்தன. தண்டுகள் விறகுக்குச்சி மாதிரி முறிந்து கிடந்தன. வேர் வெளியே வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த மணல் அப்போதே சரிய ஆரம்பித்திருந்தது. முறியாமல் நின்ற பாதிக் கொத்தின் அடியில் சின்னச் சின்னக் குருவிக் கால்தடங்கள். ஐரியன் கிராஸ்ரென் என்று ஒரு குருவி உண்டு. மணல்மேட்டு உச்சியில் இருக்கும் இந்தப் புல்தான் அதற்கு வீடு. நான் பார்த்த கால்தடம் அதனுடையதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒன்று அங்கே குடியிருந்தது.

அன்று இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேசினோம். "இவ்வளவு பெரிய இடத்துல ஒரு தடத்தால என்ன ஆயிடப் போகுது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. 2021ல் தெற்கு ஆஸ்திரேலியா அறிவித்த மங்கா-திரி சிம்சன் பாலைவனத் தேசியப் பூங்கா மட்டுமே சுமார் 36 லட்சம் ஹெக்டேர். சிங்கப்பூரைப் போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு. ஆனால் அவ்வளவு இடத்திலும் வண்டி போகிற தடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே போகிற எல்லோரும் அதே மேடுகளில், அதே இடத்தில்தான் ஏறுகிறார்கள். நாம் சுற்றிப் போன தடத்தைப் பார்த்து அடுத்து வருகிறவர் அதையே பாதை என்று நினைப்பார். அதுவும் குழியானால் மூன்றாவது தடம் விழும்.

தடம் மணலில் தானாக மூடிக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். பிரெஞ்ச் லைனே 1960களில் எண்ணெய் தேடி வந்த ஒரு பிரெஞ்சு நிறுவனம் கீறிய கோடு. அறுபது வருஷத்துக்குப் பிறகும் நாம் அதில்தான் ஓட்டுகிறோம். மேடுகளுக்கு நடுவில் இருக்கும் கூழாங்கல் வெளியில் ஒரே ஒரு தடவை வண்டி ஏறினாலும் அந்தச் சுவடு பல காலம் கிடக்கும்.

சரி, குழி எப்படி வந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் தவறு இங்கேதான் ஆரம்பித்தது. அன்று நம் டயர்களில் 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்று இருந்தது. நான்கு வண்டிக்கும் சேர்த்துக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஒன்றுதான், இறக்கிவிட்டால் திரும்ப ஏற்ற நேரமாகும் என்று விட்டுவிட்டோம். கெட்டியான டயர் மணலில் கத்தி போல இறங்கும். ஏறவில்லை என்றதும் ஓட்டுகிறவர் பின்னால் போய் வேகமெடுத்து வருவார். வேகத்தில் சக்கரம் துள்ளும். துள்ளி விழுகிற ஒவ்வொரு இடமும் குழியாகும். அதே வண்டியில் காற்றை 16, 18க்கு இறக்கிப் பாருங்கள். டயர் தட்டையாகி நீளவாக்கில் மணலைத் தழுவிக்கொள்ளும். லோ ரேஞ்ச் என்கிற மெதுவான, இழுவை அதிகமான கியரில், பெரிய சத்தமில்லாமல், நடந்து போகிற மாதிரி ஏறிவிடும். மூன்றாம் நாள் நாம் அப்படித்தான் ஓட்டினோம், ஞாபகம் இருக்கிறதா? ஒரு மேட்டில்கூட நிற்கவில்லை. ஆயிரத்துக்கு மேல் மேடுகள் இருக்கிற இடத்துக்குப் போகிறவர்கள், அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அந்த இடம் யாருடையது என்பதையும் நாம் பேசவே இல்லை. மங்கா-திரி என்றால் பெரிய மணல்மேட்டு நாடு என்று பொருள். வாங்கங்குரு மக்களின் மொழி. மணலுக்குள் ஆழமாகத் தோண்டிய மிகிரி என்னும் கிணறுகளை நம்பித் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். 1900 வாக்கில் பாலைவனத்தை விட்டு வெளியே வந்தார்கள். ஆனால் அந்த மண்ணோடு அவர்களுக்கு இருக்கும் உறவு போய்விடவில்லை. நாம் அவர்கள் வீட்டு முற்றத்தில் நான்கு நாள் கூடாரம் போட்டோம். அனுமதிச்சீட்டு வாங்கினோம், உண்மைதான். ஆனால் அது இருக்கிற தடத்தில் ஓட்டத்தான்.

இங்கே சிங்கப்பூரில் இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புலாவ் ஊபின் தீவின் கடலோரச் சதுப்பான செக் ஜாவா நினைவிருக்கும். 2001ல் அதை மண் போட்டு மூடி நிலமாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மக்கள் அங்கே கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அந்த வருஷக் கடைசியில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் ஆசையாகப் பார்க்கப் போன கால்களே கடற்கரை உயிர்களை மிதித்துவிடும் என்றும் எல்லோருக்கும் புரிந்தது. 2007ல் நடைபாலம் வந்தது. இன்று நம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் பாலத்தை விட்டு ஒரு காலைக் கீழே வைக்க விடுவோமா? அதே நாம்தான் சிம்சனில் புல்லின் மேல் ஏற்றினோம்.

அதனால் ஜூலைப் பயணத்துக்கு என் வேண்டுகோள். வண்டிக்கு ஒரு கம்ப்ரஸர், ஒரு காற்று அளவி இருக்கட்டும். மணல் தொடங்குகிற இடத்தில் எல்லோரும் காற்றை இறக்கிய பிறகுதான் முதல் வண்டி நகர வேண்டும். மேட்டில் ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர்கள் காத்திருப்போம். இன்னும் இரண்டு பிஎஸ்ஐ இறக்கலாம், மண்வெட்டியால் குழியை நிரப்பலாம், அதுவும் போதாது என்றால் இழுத்து ஏற்றலாம். சுற்றி மட்டும் போக வேண்டாம். ஒன்பது வண்டி ஒரே வரிசையில் போவது அதிகம் என்பது என் கருத்து. ஐந்தும் நான்குமாகப் பிரிந்து, ஒரு நாள் இடைவெளியில் போகலாம். வாடகை வண்டி எடுப்பவர்கள் சிம்சனைக் கடக்க ஒப்பந்தத்தில் எழுத்தாகவே அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பூங்கா மூடியிருக்கும், பள்ளி விடுமுறை என்று அந்தச் சமயத்துக்குத் திட்டம் போட வேண்டாம்.

அப்புறம், அந்தக் கல். முகாமுக்குப் பக்கத்தில் எடுத்த, ஒரு பக்கம் கூராகச் செதுக்கிய, உள்ளங்கைக்குள் அடங்குகிற கல். இப்போது நம்மில் ஒருவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நவராத்திரிக்குப் போயிருந்தபோது பார்த்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் புனிதமாகக் கருதும் உலுரு பாறையிலிருந்து கல் எடுத்துப் போனவர்கள் பலர், மனசு கேட்காமல் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுங்கள். எந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும், பெயர் வேண்டாம். ஜூலையில் நானே பூங்கா அலுவலகத்தில் ஒப்படைத்து, யாரிடம் சேர வேண்டுமோ அவர்களிடம் சேர்க்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
போன பயணத்தில் நான்காவது வண்டியை ஓட்டியவன்