பிளான் அனுமதியோட மாதிரி ஒப்பந்தமும் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வீடு கட்டுறதப் பத்தி பேப்பர்ல வர்றதெல்லாம் கம்பி விலை, சிமெண்ட் விலையோட நின்னுடுது. ஆனா வீடு கட்டுறவங்களை கடன்ல தள்ளுறது, பேசின ரேட்டுக்கு மேல கான்ட்ராக்டர் கேக்குற 'எக்ஸ்ட்ரா'ங்கிற கணக்குதாங்க.

சதுரடிக்கு இவ்வளவுன்னு ஒரே ஒரு பேப்பர்ல எழுதி அட்வான்ஸ் குடுத்துடுறாங்க. அப்புறம் போர்டிகோ முழுசா சேருமா பாதியா, மாடிப்படிக்கு மேல மொட்டை மாடியில வர்ற ஹெட்ரூம் என்ன கணக்கு, பேஸ்மென்ட் ரோட்டு மட்டத்துல இருந்து எத்தனை அடி, சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் எல்லாம் அந்த ரேட்டுக்குள்ள வருமான்னு ஒண்ணொண்ணுக்கும் சண்டை. என் தங்கச்சி வீட்டுல ரூஃப் போட்டு முடிச்சப்புறம் 'மண்ணு சரியில்ல, ஃபூட்டிங் (அஸ்திவாரக் குழி) ஆழமா எடுத்தோம்'னு தனியா ஒரு பில் வந்துச்சு, மூடின குழியை இனிமே யாரு அளக்குறது? மூடுறதுக்கு முன்னாடியே அளந்து ரெண்டு பேரும் கையெழுத்து போட்டிருந்தா பேச்சே இல்ல.

கான்ட்ராக்டரை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. ஜன்னலை அங்க மாத்துங்க, டைல்ஸ் இன்னும் நல்லதா போடுங்கன்னு வீட்டுக்காரங்க வாயாலயே சொல்லிட்டு போயிடுறாங்க, அவருக்கும் கூலி, பொருள்னு கூடத்தானே செய்யும். ஜிஎஸ்டியும் அப்படித்தான். தனி வீட்டுக்கு வெறும் லேபர் கான்ட்ராக்ட்னா வரி கிடையாது, பொருளோட சேத்து குடுத்தா 18 சதவீதம், அது ரேட்டுக்குள்ளயா வெளியயான்னு முதல்லயே எழுதணும்.

சொந்த மனையில நாம ஆள் வச்சு கட்டுற வீட்டுக்கு ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) உதவிக்கு வராது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வீடு கட்டித் தர்றதும் சேவைதான், 2 வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போலாம், குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம்கூட இல்ல. ஆனா அங்க போய் காட்ட கையில ஒரு பேப்பர் வேணுமே.

2024 ஜூலைல இருந்து 2500 சதுரடி மனையில 3500 சதுரடி வரைக்கும் வீடு கட்ட, விதிப்படிதான் கட்டுறோம்னு நாமளே உறுதி குடுக்குற சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி குடுக்குறாங்க, நல்ல விஷயம். அந்த அனுமதியோடயே தமிழ்ல ஒரு மாதிரி ஒப்பந்தமும் டவுன்லோட் ஆகுற மாதிரி அரசு செய்யணும். பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட்), ரூஃப், பூச்சுன்னு எந்த கட்டம் முடிஞ்சா எவ்வளவு பணம்னு அதுல இருக்கணும். எக்ஸ்ட்ரா வேலைக்கு தனி பக்கம், என்ன வேலை, என்ன அளவு, என்ன ரேட், வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கையெழுத்து. அரசு செய்ற வரைக்கும் உங்க பேப்பர்லயாவது ஒரு வக்கீலையும் இன்ஜினியரையும் வச்சு அப்படி ஒண்ணு தயார் பண்ணி, வெட்டி எடுத்து வச்சுக்கிற மாதிரி போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்