கொரிய உணவகத்தில் முதலில் புகைக்குழாயைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்பித்துத் திறக்கப்படும் கொரிய உணவகங்களைப் பற்றி உணவுப் பக்கங்களில் வரும் விமர்சனங்களில் ஒரு குறை தொடர்ந்து தென்படுகிறது. சுவரின் நிறத்துக்கும், தொங்கும் விளக்குக்கும், மெனு அட்டையின் அழகுக்கும் மூன்று பத்திகள் ஒதுக்குகிறார்கள். மேசைக்கு மேலே தொங்கும் புகைக்குழாய்க்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. வேறு வகை உணவகமாக இருந்தால் விட்டுவிடலாம். இறைச்சி வாட்டும் கொரிய உணவகத்தில் அடுப்பே சாப்பிடுகிறவரின் மேசையில்தான் இருக்கிறது. மெனுவை மாற்றுகிறவரும் உள் அலங்காரத்தை மாற்றுகிறவரும் கலந்து பேசாமல் வேலை செய்தால், அந்தக் குளறுபடி அப்படியே தட்டுக்கு வந்துவிடும். இத்தகைய சமையலறைகளை அமைக்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

புகையிலிருந்தே தொடங்கலாம். மேசை அடுப்புக்குப் புகை உறிஞ்சும் அமைப்பு இரண்டு வகை. ஒன்று, கூரையிலிருந்து இறங்கி, கையால் இழுத்து நீட்டக்கூடிய குழாய். இன்னொன்று, அடுப்பைச் சுற்றியுள்ள இடுக்குகள் வழியாகப் புகையைக் கீழே இழுத்து, தரைக்கடியில் கொண்டுபோகும் அமைப்பு. புகைப்படத்துக்கு இரண்டாவதுதான் அழகு. தலைக்கு மேல் எதுவும் தொங்காது. ஆனால் சூடான புகை இயல்பாக மேலே போகக்கூடியது. அதை மடக்கிக் கீழே இழுக்க வலுவான விசிறி வேண்டும். இடுக்குகளில் கொழுப்பு சொட்டிக்கொண்டே இருப்பதால் வடிகட்டியைத் தினமும் கழற்றிக் கழுவியாக வேண்டும். அந்த ஆளும் நேரமும் இல்லாத உணவகத்துக்கு மேலே தொங்கும் குழாயே மேல்.

புதுப்பிப்பில் அடிக்கடி நடக்கும் தவறு, மேசைகளைக் கூட்டிவிட்டுப் பழைய விசிறியையே வைத்துக்கொள்வது. எட்டு மேசைக்குக் கணக்குப் போட்ட குழாயில் பன்னிரண்டு மேசைகளை இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இழுவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதுவும் சமமாகக் குறையாது. விசிறிக்கு அருகில் உள்ள மேசை நன்றாக இழுக்கும்; கடைக்கோடி மேசையில் புகை கண்ணைக் கரிக்கும். ஒவ்வொரு மேசையின் குழாயிலும் உள்ள தடுப்புத் தகட்டைத் திருகி இழுவையைச் சமப்படுத்த வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவும் வழி வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய விசிறி வைத்தும் பயனில்லை. அடையாளம் எளிது: வெளிப்புறம் திறக்கும் வாசற்கதவை இழுக்கவே பலம் வேண்டியிருக்கும், திறந்ததும் காற்று குபுக்கென்று உள்ளே பாயும். கரி அடுப்பு வைத்திருக்கும் இடத்தில் இது சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் தலை வலித்தால், தலை சுற்றினால், குமட்டினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

தொங்கும் குழாயின் வாயை அடுப்புக்கு மேல் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். சிலர் தலையில் இடிக்கிறது என்று மேலே தள்ளிவிட்டு, புகை வருகிறது என்று ஊழியரைக் கடிந்துகொள்கிறார்கள். ரொம்பவும் இறக்கினாலும் ஆபத்துதான்: கொழுப்பு பற்றி எழும் தீக்கொழுந்து குழாய்க்குள் இழுக்கப்பட்டு, உள்ளே படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கில் தீப்பிடிக்கலாம்.

அடுத்தது வாட்டும் தட்டு. சம்கியொப்சால் எனப்படும் பன்றி வயிற்றிறைச்சிக்கு வார்ப்பிரும்புத் தட்டைச் சற்றே சாய்த்து வைப்பது வழக்கம். உருகும் கொழுப்பு தாழ்ந்த பக்கம் ஓடி, ஓட்டை வழியாகக் கிண்ணத்தில் வடியும். அந்தத் தாழ்ந்த விளிம்பில், காரம் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியைப் பரப்பினால் கொழுப்பிலேயே வதங்கி ஓரம் முறுகும். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. புதிய மேசையில் தட்டைச் சமதளமாகப் பதித்துவிட்டால் இறைச்சி தன் கொழுப்பிலேயே பொரிந்து கடினமாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் அளவு தடிமனான துண்டை, மேற்பரப்பில் ஈரம் முத்து முத்தாகத் துளிர்க்கும்வரை தொடாமல் விட்டு, அதன்பின் ஒருமுறை புரட்டி, கத்தரிக்கோலால் வாய்க்கு அடங்கும் அளவில் நறுக்க வேண்டும். பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்கக் கூடாது. இரண்டாவது இடுக்கி மேசையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

மசாலாவில் ஊறாத இறைச்சியை முதலிலும், புல்கோகி (மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகள்), கால்பி (விலா இறைச்சி) போல ஊறியதைப் பிறகும் வாட்டுங்கள். ஊறவைக்கும் கலவையில் சோயா சாஸோடு சர்க்கரையும் பேரிக்காய்ச் சாறும் இருக்கும். சர்க்கரை கருகிக் கம்பிவலையில் ஒட்டிக்கொண்டால் அடுத்து வைப்பது எல்லாமே கசக்கும். கேட்காமலே வலையை மாற்றித் தரும் இடம் நல்ல இடம். புல்கோகி வாயில் மாவுபோலக் கரைந்தால் அதைப் பக்குவம் என்று எண்ணிவிட வேண்டாம். விரைவாக மென்மையாக்கக் கிவிப்பழத்தை அதிகம் சேர்த்திருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி ஊறவிட்டிருக்கலாம். கிவியின் நொதி புரதத்தை வேகமாகச் சிதைத்துவிடும்.

விளக்குக்கும் இதில் பங்கு உண்டு. சிவப்பு கலந்த மங்கலான வெளிச்சம் இப்போதைய மோகம். அந்த வெளிச்சத்தில் பன்றி இறைச்சி வெந்ததா இல்லையா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முழுத்துண்டுப் பன்றி இறைச்சியின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்டி, அதன்பின் மூன்று நிமிடம் இருக்க வேண்டும். கோழிக்கு 74 டிகிரி. மேசைதோறும் வெப்பமானி வைக்க எவருக்கும் மனம் வராது. அடுப்புக்கு நேர் மேலே வெள்ளை வெளிச்சம் தரும் சிறு விளக்கு ஒன்றாவது வைக்கலாமே.

சமையலறைக்குள் நடக்கும் பெரிய மாற்றம், எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் வைப்பது. வெக்கை குறையும், சுத்தம் செய்வது சுலபம், எல்லாம் சரிதான். ஆனால் இண்டக்‌ஷன் காந்தம் ஒட்டும் பாத்திரத்தை மட்டுமே சூடாக்கும். காய்கறியும் மிளகாய் விழுதும் சேர்த்துக் கிளறிச் சாப்பிடும் சோறான பிபிம்பாப் வரும் கல்சட்டியான டோல்சொட்டும், ஜிகே எனும் குழம்பு கொதிக்கும் மண்சட்டியான துக்பெகியும் அதில் சூடேறாது. அப்போது என்ன செய்வார்கள்? வேறு பாத்திரத்தில் சமைத்து, சட்டியில் ஊற்றிக் கொண்டுவருவார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, சாப்பாட்டில் தெரியும். அடுப்புத் தீயில் நன்றாகச் சூடேற்றி, எள்ளெண்ணெய் தடவி, சோற்றை அழுத்திப் பரப்பிய கல்சட்டி மேசைக்கு வரும்போதே படபடவென்று பொரியும் சத்தம் கேட்க வேண்டும். உடனே கிளறாமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டால் அடியில் பொன்னிறத்தில் சோறு முறுகும். சத்தமில்லாமல் வந்த கல்சட்டியில் அந்த முறுகல் கிடைக்கவே கிடைக்காது. ஜிகேயும் அப்படியே: மேசையில் வைத்த பிறகும் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மண்சட்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் நுண்துளைகள் சோப்பை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை கொதிக்கும்போது நுரையாகக் கக்கும். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்துக் கழுவுவதே சரியான முறை. புதிதாகப் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கிய உணவகங்கள் இந்தச் சட்டிகளையும் அதிலேயே போட்டுவிடுகின்றன. குழம்பின் ஓரத்தில் காரணமில்லாத சோப்பு வாடை வந்தால் அங்கேதான் கோளாறு.

மெனு மாற்றத்துக்கு வருவோம். முதலில் கை வைக்கப்படுவது பான்சான் எனும் சிறு தொடுகறிகள். கொரியாவில் இவற்றுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் பொதுவாக மறுபடி வைப்பார்கள். எண்ணிக்கையை எட்டிலிருந்து நான்காகக் குறைப்பதை நாங்கள் குறையாகச் சொல்லமாட்டோம். நாளாகி வாடிய எட்டைவிட அன்றன்று செய்த நான்கு நல்லது. மலைபோல் குவித்து வைப்பதுதான் தவறு. மிஞ்சினால் திரும்ப அடுத்த மேசைக்குப் போகும் ஆசை வந்துவிடும். மிஞ்சிய உணவை மறுபடி பரிமாறத் தென்கொரியா 2009-இல் தடை விதித்ததே இந்த வழக்கத்தை ஒழிக்கத்தான். சிறு தட்டில் கொஞ்சமாக வைத்து, கேட்கக் கேட்கக் கொடுப்பதே முறை.

கிம்ச்சி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தொடுகறியாக வருவது இளம் புளிப்போடு மொறுமொறுப்பாக இருக்கலாம். கிம்ச்சி ஜிகேக்கோ நன்றாகப் புளித்துப் பழுத்த கிம்ச்சி வேண்டும். மெனு மாறி, கிம்ச்சியை வெளியிலிருந்து வாங்கத் தொடங்கிய இடங்களில் பழுத்தது கைவசம் இருக்காது; வினிகர் விட்டுச் சமாளிப்பார்கள். அந்தப் புளிப்பு நாக்கின் நுனியில் சுரீரென்று ஏறி, அடுத்த வாய்க்குள் மறைந்துவிடும்.

சைவ உணவுக்காரர்கள் மெனுவில் போட்டிருக்கும் பச்சை இலைப் படத்தை நம்பி ஏமாற வேண்டாம். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ சேரும். டோஃபு ஜிகேயின் அடிச்சாறு பல இடங்களில் நெத்திலியும் கெல்ப் எனும் கடற்பாசியும் கொதித்தது. காய்கறி பிபிம்பாப்புக்குத் தரும் மிளகாய் விழுதான கோச்சுஜாங்கில் சில இடங்களில் கொத்திய மாட்டிறைச்சியை வதக்கிச் சேர்ப்பார்கள். கிம்ச்சி, அடிச்சாறு, மிளகாய் விழுது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடற்பாசியும் ஷிடாகே காளானும் போட்டுத் தனிச் சாறு வைப்பது சமையலறைக்குப் பெரிய வேலை அல்ல. கடற்பாசியைப் பத்து நிமிடக் கொதியில் எடுத்துவிட்டால் கொழகொழப்பும் கசப்பும் வராது. பூண்டும் வெங்காயமும் வேண்டாதவர்கள் கொரியப் புத்த மடாலயச் சமையல் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். அந்த மரபில் இரண்டுக்குமே இடமில்லை.

விலைப் பட்டியலில் கிராம் இருக்கிறதா என்று பாருங்கள். தென்கொரியாவில் உணவகங்கள் இறைச்சி விலையை 100 கிராமுக்கு இவ்வளவு என்று காட்ட வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. அங்கே ஒரு பங்கு என்பது பொதுவாக 150 முதல் 200 கிராம் பச்சை இறைச்சி. புதிய மெனுவில் பழைய விலை அப்படியே இருந்து, கிராம் மட்டும் காணாமல் போயிருந்தால் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. இரண்டு பங்குக்குக் குறைந்து வாட்டத் தரமாட்டோம் என்ற வழக்கமும் பல இடங்களில் உண்டு. தனியாகப் போகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

மேசையில் பதித்த டேப்லெட்டில் ஆர்டர் கொடுப்பது வசதிதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தட்டிவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். நேங்மியொன் எனும் குளிர் நூடுல்ஸ் வாட்டிய இறைச்சிக்குப் பிறகு சாப்பிட வேண்டியது. ஒரு நிமிடத்துக்குள் வெந்து, பனிநீரில் அலசப்பட்டு வரும் அது காத்திருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இறைச்சி முடியும் தறுவாயில் தனியாக ஆர்டர் கொடுங்கள்.

அலங்காரத்தில் நாங்கள் வருந்தும் ஓர் இழப்பு, மூடியைத் தூக்கினால் உள்ளே பையும் மேலங்கியும் வைத்துக்கொள்ளக்கூடிய உருளை முக்காலி. அதை எடுத்துவிட்டு மெத்தை நாற்காலி போடுகிறார்கள். துணியுறை புகையையும் கொழுப்பு வாடையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பூச்சில்லாத சிமென்ட் சுவரும் அப்படித்தான், கூடவே இரைச்சலையும் எதிரொலிக்கும்.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திறப்பு விழா வாரத்தில் போகாதீர்கள். அப்போது வடிகட்டிகள் புத்தம் புதிதாக இருக்கும், எல்லாக் குழாயும் நன்றாகவே இழுக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து, கூட்டம் நிறைந்த ஒரு மாலையில், விசிறியிலிருந்து தள்ளி இருக்கும் கடைசி மேசையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உணவகச் சமையலறை அமைப்பாளர்கள்