பர்மா கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் செட்டிநாட்டு வீடுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்குத் தூண், வளவு, பட்டாலை எல்லாவற்றையும் அழகாக எழுதியிருந்தார்கள். ஆனால் இந்த வீடுகளைக் கட்டிய பணம் எப்படி வந்தது என்ற இடத்தில் மட்டும் ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடினார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டுப் பெண்ணான எனக்கு அது போதவில்லை.

எங்கள் பெரியவர்களின் உழைப்பையோ நாணயத்தையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று வருஷக் கணக்குக்குப் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் பர்மாவுக்கு (இன்றைய மியான்மர்) கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போனவர்கள் அவர்கள். அத்தனை காலமும் இங்கே வீட்டைக் கட்டிக் காத்தவர்கள் ஆச்சிமார்கள். ஆனாலும் அவர்கள் போன வழி பிரிட்டிஷ் பேரரசு பீரங்கியால் திறந்த வழி. 1824-ல் தொடங்கி மூன்று போர்களில் அது பர்மாவைப் பிடித்தது. 1852-ல் கீழ்ப் பர்மா போயிற்று. 1885-ல் தலைநகர் மண்டலேயும் விழ, பர்மாவின் தீபோ மன்னரை ரத்னகிரிக்கு நாடு கடத்தினார்கள்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் நல்ல கிராக்கி. ஐராவதிக் கழிமுகத்தில் காட்டைத் திருத்தி நடவு செய்ய விவசாயிக்கு முன்பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் கிராமத்துக்குள் இறங்கவில்லை. ரங்கூனில் உட்கார்ந்து நம்மவர்களுக்குக் கடன் கொடுத்தன. நம்மவர்கள் அதோடு சொந்த முதலையும் உறவுக்காரர் போட்ட பணத்தையும் சேர்த்து விவசாயிக்குக் கொடுத்தார்கள். 1850-களில் பத்து லட்சம் ஏக்கர்கூட இல்லாத கீழ்ப் பர்மா நெல்வயல், 1930-களில் எண்பது லட்சத்தைத் தாண்டியது. கடன் நின்றுபோனால் அடமான நிலத்தை எடுத்துக்கொள்ள வெள்ளையர் சட்டமும் கோர்ட்டும் துணை நின்றன.

அந்தத் துணைதான் பின்னால் வினையாயிற்று. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. வட்டி கட்ட வழியில்லாத விவசாயி நிலத்தை எழுதிக்கொடுத்தான். 1930-ல் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-க்குள் அது 25 பங்கு, ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். நம்மவர்கள் கேட்டது ரொக்கம், வந்து சேர்ந்தது சேறும் பகையும். இழந்தவனுடைய கண்ணில் வங்கி தெரியவில்லை, லண்டன் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த செட்டியார்தான் தெரிந்தார். 1930 கடைசியில் சாயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கலகம், 1938-ல் இந்தியர்களுக்கு எதிரான கலவரம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தபோது பேரரசால் யாரையும் காப்பாற்ற முடியவில்லை. அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள்; வழியில் செத்தவர்கள் ஏராளம். 1948-ல் பர்மா விடுதலை பெற்ற கையோடு நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1964-ல் கடைகளும் அரசுடைமையாகிப் போயின. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய காரைக்குடி பர்மா காலனியில் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

எங்கள் ஐயா காலத்துப் பேரேடு ஒன்று வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி. கீழே ஒரு பர்மியப் பெயர் தமிழில், அசலும் வட்டியும் வருஷ வாரியாக. கடைசியில் ‘நிலம் எழுதி வாங்கிய வகையில் வரவு’ என்று ஒரு வரி. பிறகு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த விவசாயியின் குடும்பம் அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று எழுத அதில் பத்தி இல்லை. நம் வீட்டுப் பெருமையை எழுதும்போது அவனையும் எழுத வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

இப்போது பல வீடுகளில் பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். வீடு இடிபடும்போது தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு நல்ல விலைக்குப் போகின்றன. பேரேடும், ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கும், கடுதாசிக் கட்டும் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள்தாம் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அதே அக்கறை இந்தக் கணக்கேடுகளுக்கும் வேண்டும். வீட்டுக்காரர்களிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. அங்கேயே வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் போதும்.

அப்படிச் செய்ய முன்வரும் ஆய்வாளர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் தங்கள் இதழில் ஓர் அறிவிப்பு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தேவகோட்டை