முதலில் கம்பியைக் கழற்றுங்கள், ஐயா

தோட்ட முகாமையாளர் ஐயாவுக்கும் எங்கள் பகுதி வனஜீவராசி அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மேல் மலையில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து எடுக்கப் போன என் அம்மாதான் முதலில் சத்தம் கேட்டவர். மரம் அறுப்பதுபோல் ஒரு கரகரப்பு. காட்டோரத்தில் பெண் சிறுத்தை ஒன்று, இடுப்பில் மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பி. பன்றிக்கு வைத்த சுருக்கு. தப்பிக்க இழுக்க இழுக்க இறுகுகிற சாமான் அது. கைக்கெட்டிய தேயிலைச் செடிகளையெல்லாம் வேர் தெரியப் பிராண்டிவைத்திருந்தது.

மயக்க ஊசித் துப்பாக்கியோடு மருத்துவர் வந்து சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வந்த தூரம் அப்படி. அதுவரை லயத்துச் சனம், தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற நாங்கள், போனும் கையுமாக நின்றது, விலக்கிவிடக்கூட ஆள் இல்லை. பொழுது சாய்வதற்குள் அது செத்துவிட்டது. மடியில் பால் இருந்ததாம். குட்டிகளைத் தேட இன்றுவரை யாரும் வரவில்லை. ஒன்றரை வயது வரையாவது தாயோடு திரிந்துதான் அவை வேட்டை பழகும்.

2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை சிக்கியதும் இதே மாதிரிக் கம்பியில்தான். நாடே அழுதது. அப்புறம்?

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மாதம் ஒரு தடவையாவது காட்டோர எல்லையை நடந்து பார்த்து, இருக்கிற கம்பியைக் கழற்றுங்கள். வைப்பவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு, மறைக்கவில்லை. மரக்கறிப் பாத்தியை ஒரே இரவில் பன்றி உழுதுபோட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தப் பன்றியின் குட்டிகளைப் பிடித்துத் தின்பதும் சிறுத்தைதானே. இந்த இலங்கைத் தீவில் புலி கிடையாது, சிங்கம் கொடியில் மட்டும்தான். காட்டுக்குப் பெரியவர் என்று இருப்பது இவர் ஒருவர்.

அவருக்கு ஆகஸ்ட் 1ஆம் திகதி ஒரு தினமும் இருக்கிறது. போன தடவை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிறுத்தைப் படம் வரைந்தார்கள், பென்சில் பெட்டி பரிசு கொடுத்தார்கள். 1937ஆம் ஆண்டிலிருந்து காட்டு விலங்குகளைக் காக்கச் சட்டமும் இருக்கிறது. கொழுந்து ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கே கணக்குக் கேட்க ஆள் வருகிறது. கம்பி பார்க்கத்தான் ஆள் கிடைக்கவில்லை போலும். லயத்துக் கூரை ஒழுகுவதைச் சொல்லி மூன்று மழைக்காலம் ஆகிறது, அதற்கும் இதே பதில்தான்.

மன்னிக்கவும், கூரையை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். வருகிற புதன்கிழமை மேல் மலையில் மறுபடி கொழுந்து. அம்மாவும் அந்த நிரைக்குத்தான் போகிறார். அதற்கு முன் நாலு பேரை அனுப்பி அந்த எல்லையில் கம்பியைக் கழற்றித் தாருங்கள். குட்டிகளையும் ஒரு தரம் தேடிப் பாருங்கள். வழி காட்ட லயத்துப் பையன்கள் தயார், பேர் போடச் சொல்லிக் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
மேல் லயத்திலிருந்து ஒரு கொழுந்துக்காரியின் மகன்