செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மூத்த தோழர்களுக்கும், குடும்ப ஓய்வூதியம் பெறும் சகோதரிகளுக்கும் பணிவான வணக்கம்.

ஆண்டின் தொடக்கத்தில் கண் பரிசோதனை முகாம் நடைபெற்றது. நவம்பரில் உயிர்வாழ் சான்று முகாம் வழக்கம்போல் நடந்தது. செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. சில மாதங்களில் போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. மறைந்த உறுப்பினர்களுக்கு இப்பேரவை அஞ்சலி செலுத்துகிறது. டிசம்பர் 17 ஓய்வூதியர் நாள் கொண்டாடப்பட்டது. 1982இல் அதே நாளில்தான் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 31-3-1979க்கு முன் ஓய்வுபெற்றவர், பின் ஓய்வுபெற்றவர் என்று ஓய்வூதியரை இரு கூறாக்கியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசிய நேரத்தைவிடச் சிற்றுண்டி நேரம் நீண்டுபோனது எனக்கு வருத்தமே.

இனி, இவ்வாண்டின் முக்கியப் பணியான ‘ஜூன் 30 வழக்கு’. சென்ற பேரவையில் ஓர் உறுப்பினர் எழுந்து, சங்கப் பணத்தைச் செயலாளர் வழக்கறிஞர்களுக்கு வாரி இறைக்கிறார் என்றார். அவருக்குரிய விடையும் இதில் இருக்கிறது.

ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் ஆண்டு இன்கிரிமென்ட், அதாவது ஆண்டுதோறும் தரும் ஊதிய உயர்வு, எல்லாருக்கும் ஜூலை 1 என்றானது. ஜூன் 30இல் ஓய்வுபெற்றவர் ஆண்டு முழுவதும் உழைத்திருப்பார்; ஆனால் ஜூலை 1 விடியும்போது அவர் ஊழியரல்லர் என்று சொல்லி அந்த இன்கிரிமென்டை மறுத்தார்கள். 2013 ஜூன் 30இல் சென்னையில் ஓய்வுபெற்ற அய்யம்பெருமாள் என்ற அதிகாரி இதை எதிர்த்துப் போராடினார். 15-9-2017 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வூதியக் கணக்குக்காக அந்த இன்கிரிமென்டைச் சேர்க்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டு அனுமதி மனுவை உச்ச நீதிமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் அந்தத் தீர்ப்பு அவர் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் என்று துறைகள் கைவிரித்தன. அதனால்தான் நாடு முழுவதும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தீர்ப்பாயக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

நம் சங்கமும் தட்டியது. மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் கூட்டு மனு போடலாம் என்று 2021இல் சுற்றறிக்கை அனுப்பினேன். ஓய்வு ஆணை, பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நகல், கடைசிச் சம்பளச் சான்று, வழக்கு நிதிக்கு 1,500 ரூபாய்; கேட்டது இவ்வளவுதான். தீர்ப்பாயக் கட்டணம் வெறும் 50 ரூபாய். செலவெல்லாம் வழக்கறிஞர் ஊதியம், தட்டச்சு, நகல், பைண்டிங் வகையில்தான். தகுதியுள்ளவர்களில் பாதிப் பேர்கூட முன்வரவில்லை. “முதலில் நீங்கள் ஜெயித்துக் காட்டுங்கள், தீர்ப்பு வந்தால் எல்லாருக்கும் தானே வரும்” என்றார்கள். வந்தவர்களை வைத்து 2022 மார்ச்சில் மனு தாக்கல் செய்தோம்.

அடுத்த ஆண்டு, 11-4-2023 அன்று, கர்நாடக மின்தொடரமைப்பு நிறுவன வழக்கில், ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் உழைத்துப் பெற்ற இன்கிரிமென்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அது எந்தத் தேதியிலிருந்து என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்குச் சித்தராஜ் வழக்கில் 20-2-2025 அன்று விடை கிடைத்தது. வழக்குப் போடாதவர்களுக்கு உயர்த்திய ஓய்வூதியம் 1-5-2023 முதல் மட்டுமே. அதற்கு முந்தைய நிலுவை கிடையாது. மனு போட்டிருந்தவர்களுக்கு, மனு தாக்கலான மாதத்திற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் உண்டு. 19-5-2023க்குப் பிறகு ஓடிவந்து மனு போட்டவர்களுக்கு அந்த மூன்று ஆண்டுச் சலுகையும் இல்லை.

இதன் பொருளை ரூபாயில் சொல்கிறேன். 62,200 அடிப்படைச் சம்பளத்தில் 2018 ஜூன் 30இல் ஓய்வுபெற்றவருக்கு அடுத்த படி 64,100. வித்தியாசம் 1,900; ஓய்வூதியத்தில் கூடுவது அதில் பாதி, மாதம் 950. நம் மனுவில் கையெழுத்திட்டவருக்கு 2019 மார்ச் முதல் கணக்கு. கையெழுத்திடாதவருக்கு 2023 மே முதல். இடையே 50 மாதம், 47,500 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி. 1,500 ரூபாயை மிச்சப்படுத்தியவர்கள் இழந்தது இவ்வளவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இழந்தவர்கள் எல்லாரும் என்னோடு ஒரே அலுவலகத்தில் தேநீர் குடித்தவர்கள்.

மனுவில் சேர்ந்தவர்களில் ஒரு சகோதரியை மட்டும் குறிப்பிட வேண்டும். கணவரின் தாள்களை ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி எடுத்து வந்தார். ஓய்வு ஆணையில் ‘30-06-2016 பிற்பகல்’ என்று இருந்தது. அந்தப் ‘பிற்பகல்’ மீது விரல் வைத்து, “சாயங்காலம் வரை வேலை பார்த்துவிட்டுத்தான் வந்தார்” என்றார். நம் வழக்கறிஞர் வாதமாக எழுதிய பல பக்கங்களின் சாரம் அதுதான். அவர் கணவர் பணியாற்றிய அலுவலகம் பணிப்பதிவேட்டு நகல் இல்லை என்று கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பியது. நாமும் விடவில்லை. இவ்வாண்டு அவருக்குத் திருத்திய பி.பி.ஓ. வந்தது, நிலுவையும் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது.

கொரோனா காலத்தில் நிறுத்திய மூன்று தவணை அகவிலை நிவாரணத்தின் 18 மாத நிலுவை பற்றிப் பலர் கேட்கிறார்கள். அரசு தர மறுத்துவிட்டது; நம் கோரிக்கை நிலுவையில் உள்ளது.

கணக்கு வழக்குகளைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக உள்ளன. வழக்கு நிதியில் சிறு பற்றாக்குறை, பொது நிதியிலிருந்து ஈடுகட்டப்பட்டது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய்தான். அதுவும் பலரிடம் இரண்டு மூன்று ஆண்டுகளாக நிற்கிறது. வறுமையால் நிற்கிறது என்றால் ஒரு சொல் கேட்க மாட்டேன். மாதத்தின் கடைசி நாள் தவறாமல் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், அந்த ஓய்வூதியத்தைக் காக்கிற சங்கத்துக்கு நாளைக்கு ஒரு ரூபாய்கூடத் தர மனமில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது?

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். 2025 நிதிச் சட்டத்தோடு சேர்த்து, ஓய்வூதிய விதிகளைச் செல்லுபடியாக்கும் பகுதி ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஓய்வுபெற்ற தேதியை வைத்து ஓய்வூதியரைப் பிரிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று அது முன்தேதியிட்டு, 1972 முதல் என்று சொல்கிறது. இப்போதைய ஓய்வூதியம் எதுவும் மாறாது என்கிறது அரசு. ஆனால் நகாரா வழக்கு எந்தப் பாகுபாட்டை எதிர்த்து வென்றதோ, அதே பாகுபாட்டுக்கு இது வாசல் திறந்து வைக்கிறது என்பதே என் உறுதியான கருத்து. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழு அமைந்துவிட்டது. அறிக்கை தர 18 மாத அவகாசம். 1-1-2026க்கு முன் ஓய்வுபெற்ற நம்மை அது எப்படி நடத்தும் என்பது இனிமேல்தான் தெரியும்.

2006க்கு முன் ஓய்வுபெற்றவர்களின் கதி நினைவிருக்கட்டும். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய ஓய்வூதியத் திருத்தத்தில், தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு 1-11-2011இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசோ 24-9-2012 முதல்தான் தருவேன் என்றது. உச்ச நீதிமன்றம் வரை போராடிய பிறகே, 30-7-2015 ஆணையில் 1-1-2006 முதல் நிலுவை கிடைத்தது. அதற்குள் கண்மூடியவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு.

ஆகவே ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் ஆவணக் கோப்பு சங்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் தீர்மானம். வழக்கு நிதி தனிக் கணக்காக வேண்டும் என்பதும் இன்று பேரவை முன் வைக்கப்படுகிறது. இவை நிறைவேறினால் இன்னோர் ஆண்டு இப்பொறுப்பைச் சுமக்கத் தயாராக இருக்கிறேன். நிறைவேறாவிட்டால், இளையவர் யாரேனும் முன்வந்து ஏற்பதே முறை.

கூட்டத்திற்கு இடம் தந்தவர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், நம் வழக்கறிஞருக்கும், நாற்காலி போட்டு உதவிய இளைஞர்களுக்கும் நன்றி. கோப்புக்கான படிவங்கள் பொருளாளர் மேசையில் இருக்கின்றன. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. வராத உறுப்பினர்களின் வீடு அருகில் இருப்பவர்கள் அவர்களுக்கும் ஒரு படிவம் எடுத்துச் செல்லுங்கள். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்